நாக்குக்கு ஒரு எல் போர்டு

குலமணி பெஹராவுக்குத் தமிழ் தெரியாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். நன்றாகவே தெரியும். அவன் வாயிலிருந்து வருவது தமிழ்தான் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது, அவ்வளவே.

ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்திலிருந்து திருப்பூருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பனியன் கம்பெனியில் கட்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் நாக்கில்தான். அவன் தாய்மொழியில் ‘அ’ வரவேண்டிய இடத்தில் வாயைக் குவித்து ஒரு ‘ஒ’ போடுவது வழக்கம். அந்த வழக்கத்தை அவன் ரயிலில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வணக்கம் ‘வொணொக்கொம்’ ஆயிற்று, அண்ணா ‘ஒண்ணா’ ஆனார். தன் பெயரையே ‘குலொமொணி’ என்றுதான் சொல்வான். இவ்வளவு லட்சணமான பெயரைக் கெடுக்கிறானே என்று டீக்கடையில் அவன் பெயரை அவனுக்கே திருத்திச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அது பேருந்துகளில் ஓட்டுநர் இல்லாமல் போன காலம். நடத்துநர் மட்டும் இருந்தார், ஏனென்றால் ‘உள்ள போ, உள்ள போ’ என்று நம் ஜனங்களை நகர்த்துகிற எந்திரத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மொழிபெயர்ப்பு எந்திரம் எல்லார் சட்டைப்பையிலும் இருந்தது. ஆனால் பெண் கேட்கப் போகிறவன் எந்திரத்தை விட்டா பேசமுடியும்?

பெண்ணின் பெயர் தாரணி. அதே கம்பெனியில் செக்கிங் பிரிவு. துணியில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. குலமணியிடமும் அவள் கண்டுபிடித்த ஓட்டைகள் ஏராளம். இருந்தும் பிடித்துப்போய்விட்டது.

அவனுக்கு ஊர்ப் பழக்கவழக்கம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். ஒருநாள் கேன்டீனில் சாப்பிட்டு முடித்து, “நான் போறேன்” என்று எழுந்தான். தாரணி பதறிப்போய் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“போறேன்னு சொல்லப்படாது. போயிட்டு வர்றேன்னு சொல்லோணும். அதுதான் மரியாதை.”

“எப்பொவுமா?”

“எப்பவும்தான். யாரு வீட்டுல இருந்து கெளம்புனாலும் சொல்லிட்டுத்தான் கெளம்போணும்.”

குலமணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தெரியாத ஊரில் ‘எப்பவும்’ என்ற வார்த்தை பெரிய ஆறுதல்.

தவறுகள் செய்யாமல் இல்லை. முதலாளி பெரிய ஆர்டர் விஷயமாக நல்ல நேரம் பார்த்துக் காரில் கால் வைத்த நொடியில், இவன் ஓடிப்போய்ச் சிரித்த முகமாக, “எங்கெ போறீங்கொ ஐயா?” என்று கேட்டுவிட்டான். அலுவலகமே மூச்சடைத்து நின்றது. வேறு யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே கணக்கு முடிந்திருக்கும். முதலாளி இறங்கி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “பாவம், ஒடிசாப் பையன், அவனுக்கு என்ன தெரியும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அந்தப் ‘பாவம்’ என்ற சொல்தான் குலமணிக்கு ஆகாது. மூன்று வருஷமாகக் காலையில் டீக்கடையிலும் மாலையில் பேருந்திலும் அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு வெறுத்துவிட்டது.

தாரணியின் அப்பா சென்னியப்பன் கரட்டுப்புதூரில் தறிப்பட்டறை வைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், கோயிலில் சாமியிடம்கூடக் கத்தித்தான் வேண்டிக்கொள்வார். குலமணி பெண் கேட்டு வந்தபோது தறிகளையெல்லாம் நிறுத்திவிட்டு அவன் பேசுவதை முழுதாகக் கேட்டார். முடித்ததும் மகளைப் பார்த்தார்.

“என்ன சொல்றாப்ல?”

“என்னைக் கட்டிக் குடுக்கச் சொல்றாருப்பா.”

சென்னியப்பன் யோசித்தார். “ஆளு நல்ல ஆளு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஒடிசாவா இருந்தா என்ன, ஒரத்தநாடா இருந்தா என்ன. ஆனா பேச்சு இருக்குதே. நாளைக்கு மண்டபத்துல இவரு வாயைத் தொறந்தா எங்கண்ணன் எதுத்தாப்புல நின்னு சிரிப்பான். விசேசத்துக்கு வரமாட்டான், சிரிக்கறதுக்கு மட்டும் வருவான்.”

அண்ணன் குழந்தைவேலு அடுத்த சந்தில் இருந்தார். ஒரு பொதுக் கிணற்றின் பெயரால் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார்.

“பேச்சைச் சரிபண்ணிட்டு வரச் சொல்லு கண்ணு. அப்பறம் பாக்கலாம்” என்று சொல்லித் தறியை ஓடவிட்டார் சென்னியப்பன்.

கோயம்புத்தூரில் டாக்டர் கோகிலவாணி என்பவர் பேச்சுக்கூடம் ஒன்று நடத்திவந்தார். தாரணிதான் விசாரித்து அழைத்துப்போனாள். கோகிலவாணி அவன் காதில் கேட்பானை மாட்டி, ல, ள, ழ என்று மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, எது எது என்று பொத்தானை அழுத்தச் சொன்னார். குலமணி நம்பிக்கையோடு அழுத்தினான். டாக்டர் முடிவை இரண்டு முறை சரிபார்த்தார்.

“உங்க காது ரொம்ப விசுவாசமான காதுங்க” என்றார் கடைசியில். “சிலருக்குப் பொறவியிலயே காது கூர்மையா இருக்கும். புதுசா ஒரு ஓசை வந்தா, இது வேறன்னு தனியா எடுத்து வச்சுக்கும். உங்களுது அப்படியில்ல. எந்த ஓசை வந்தாலும் ஒரு ஒடியாச் சட்டையை மாட்டித்தான் உள்ள விடுது.”

“என் ரூம்ல சொரத் இருக்கான். ஆறே மாசொத்துல தொமிழ்ல சொண்டை போட்டான்” என்றான் குலமணி வருத்தத்துடன்.

“அவருக்கு அந்தக் காது இருக்கும். அது இல்லாட்டியும் பரவால்லீங்க, பழக்கம் இருந்தா ஓரளவுக்கு ஈடுகட்டலாம். நாலு பேர்கூடக் கலந்து, கேட்டு, திட்டு வாங்கி, வருசக்கணக்குல தேய்ஞ்சு தேய்ஞ்சு சரியாகும். மூணு வருசமா நீங்க அதிகம் பேசுனது யாருகூட?”

குலமணி நேர்மையானவன். “கொட்டிங் மெசின்” என்றான்.

தாரணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

“காதும் இல்ல, பழக்கமும் இல்ல. உங்களை மாதிரி ஆளுகளுக்காகத்தான் இதைச் செஞ்சோம்” என்று கோகிலவாணி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெங்காயத் தோல் போல ஒரு தகடு. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் போதும். பேச வாயெடுக்கும்போதே எந்த ஓசை வரப்போகிறது என்று கண்டுபிடித்து, நாக்கை இங்கே அங்கே என்று லேசாகச் சீண்டி, சரியான இடத்துக்கு ஓட்டிவிடும். வண்டிக்காரன் மாட்டைத் தட்டி ஓட்டுகிற மாதிரிதான். எப்படி ஒலிக்கவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிக் குரல் உண்டு. கொங்குப் பேச்சுக்கு மாதிரியாக இருந்தவர் முன்னாள் ஊராட்சித் தலைவர் ஒருவர்.

“அவருதான் சளைக்காமப் பேசிக்குடுத்தாரு. நிறுத்தறதுதான் சிரமமாப்போச்சு” என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு சொல்லிர்றேன். இது ஓசையை மட்டும்தான் குடுக்கும்.”

“ஓசொ போதும்” என்றான் குலமணி.

தகடு பொருத்துவதற்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவன் பழைய பேச்சை ஒரு மணி நேரம் பதிவு செய்துகொண்டார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றதும் தாரணியைப் பற்றிப் பேசினான்.

மறுநாள் காலை டீக்கடையில் போய் நின்று, “ஏனுங்க, சக்கரை கம்மியா ஒரு டீ போடுங்க” என்றான். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். ஊராட்சித் தலைவரின் கனம் அப்படியே இறங்கியிருந்தது. ‘சக்கரை கம்மியா’ என்பதுகூடத் தீர்மானம் நிறைவேற்றியது போல ஒலித்தது.

சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளையாகப் போகிறவனைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். அண்ணன் வீட்டு வாசலில் வேண்டுமென்றே நின்று, “தம்பி, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க” என்றார். குலமணி மழையைப் பற்றி ஒரு நாலு வாக்கியம் பேசினான். உள்ளே குழந்தைவேலு ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. சென்னியப்பனுக்கு அன்று இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

வில்லங்கம் இதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று.

முதலில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். “தம்பிக்கு எந்த ஊருங்க?” என்றார்கள்.

“ஒடிசாவுங்க. கஞ்சம் பக்கமுங்க.”

“அது சரிங்க. சொந்த ஊரு?”

“அதுதானுங்க சொந்த ஊரு.”

“பேரு?”

“குலமணிங்க.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் தமிழ், பேச்சு காங்கயத்துப் பக்கத்துப் பேச்சு, ஊர் மட்டும் ஒடிசாவாம். எங்கேயோ என்னவோ செய்துவிட்டு ஊரை மறைக்கிறான் என்று முடிவுகட்டினார்கள். குலசாமி எது என்று கேட்டதற்கு ஜகந்நாதர் என்றான். அந்தப் பேரில் கரூர்ப் பக்கம் ஒரு லாரி கம்பெனி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம் என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த சில மாசத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றது. முன்பெல்லாம் அவனிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். கையைக் காட்டி, திரும்பச் சொல்லி, புரிந்ததா என்று கேட்பார்கள். இப்போது யாரும் நிறுத்தவில்லை. பேருந்தில் நடத்துநர் ஒரே மூச்சில் ஏதோ பொரிந்து தள்ளினார். புரியாமல் விழித்தவனை, “நல்லா வாய் பேசற, காது கேக்காதா?” என்றார். வயதில் மூத்த சூப்பர்வைசரை வாய் தவறி ‘நீ’ என்றுவிட்டான். மூன்று வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான், அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். இந்த முறை அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

எல்லாவற்றையும்விட மோசம், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பேசியது. அம்மாவிடம் ஒடியாவில்தான் பேசினான். தகட்டைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான்.

“சொல்லுங்கய்யா, யாரு பேசறது?” என்றாள் அம்மா.

“நான்தாம்மா.”

“நல்லா ஒடியா பேசறீங்க. என் மகன் பக்கத்துல இருந்தா குடுங்க.”

நான்தான் உன் மகன் என்று நிரூபிக்க, சின்ன வயதில் கோயில் பிரசாதத்தைத் திருடித் தின்றதைச் சொல்லவேண்டி வந்தது. அம்மா நம்பினாள். ஆனால் அதற்குப் பிறகு அவனோடு கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள். பெற்ற தாய் ‘நீங்க’ என்று சொல்லிக் கேட்பது என்ன வேதனை என்று அவனுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் பெண் கிடைக்கப்போகிறதே என்று பொறுத்துக்கொண்டான். அந்தச் சமயம் பார்த்துச் சென்னியப்பனின் சித்தப்பா செத்துப்போனார்.

தொண்ணூறு தாண்டிய மனிதர், கட்டிலில் கிடக்காமல் போனார், கல்யாணச் சாவு. ஊரே திரண்டிருந்தது. பந்தலுக்கு ஒரு பக்கம் சென்னியப்பன், மறு பக்கம் குழந்தைவேலு, நடுவில் பிரேதம். குலமணி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். எல்லாரும் செய்வதைப் பார்த்து மாலை போட்டான், வாசலில் நின்ற ஆண்களிடம் கை நீட்டித் துக்கம் விசாரித்தான், நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்த தாரணிக்குப் பெருமை தாங்கவில்லை.

உட்கார்ந்திருந்த குலமணி ஒரு விஷயத்தைக் கவனித்தான். வந்தவர்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பேசாமல் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, எல்லாருமே. அவனுக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் இவ்வளவு மரியாதைக் குறைவா? தாரணி என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தாள், இந்த ஊர்க்காரர்களுக்கே அது தெரியவில்லையே. ஊர் சார்பில் தானாவது ஒழுங்காக நடந்துகொள்வது என்று தீர்மானித்தான்.

எழுந்தான். பந்தலின் நடுவுக்குப் போனான். கையைக் கூப்பிக்கொண்டு, ஊராட்சித் தலைவரின் வெண்கலக் குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னான்.

“அப்ப நான் போயிட்டு வர்றேனுங்க.”

பறை நின்றது.

எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, இன்னும் கொஞ்சம் ஆறுதல் எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தான். “எல்லாரும் சொல்லாமக் கொள்ளாமப் போறாங்க. நான் அப்பிடியில்லீங்க. கூடிய சீக்கிரமே இந்த வீட்டுக்கு மறுபடியும் வர்றேன்” என்றான்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தாரணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைவேலு எழுந்தார். “வெளியூர்க்காரன் சொன்னா, தெரியாமச் சொல்றான்னு உட்டர்லாம். இவன் பேச்சைக் கேட்டீங்களா? நம்மூருத் தண்ணி குடிச்சவன் பேச்சு. எழவு வீட்டுல வர்றேன்னு சொன்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சே சொல்றான். அடுத்த எழவு எங்க வீட்டுலயா உங்க வீட்டுலயான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுங்க.”

“ஐயோ, நான் ஒடிசாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றான் குலமணி.

“பாத்தீங்களா, எழவு வீட்டுல வந்து நையாண்டி வேற.”

அடி விழாமல் அவனை வெளியே கொண்டுவந்தது சென்னியப்பன்தான். ஆனால் அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் அதோடு போயிருந்தாலும் போயிருக்கும். காரியம் முடிவதற்குள் அந்த வீட்டு எருமை செத்துத் தொலைத்தது. அது பல நாளாகவே நோயில் இருந்தது என்பதை ஊரில் ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

கல்யாணப் பேச்சு நின்றுபோனதாகத் தாரணி வந்து சொன்னாள். செக்கிங் மேஜையில் துணியை விரித்துவைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமலே பேசினாள்.

“எம்மேலதான் தப்பு. எப்பவும்னு சொல்லிட்டேன். எழவு வீட்டுல மட்டும் சொல்லிக்கக் கூடாதுன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்ல. அது தானாத் தெரியும். அதனால சொல்லத் தோணல.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கு உன்ற பழைய பேச்சுல சொல்லியிருந்தீன்னா, பாவம்னு சிரிச்சுட்டு விட்டிருப்பாங்க.”

அந்த வாரமே குலமணி கோகிலவாணியின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

“இதை எடுத்துருங்க. நானே கழட்டுனாலும் பேச்சு மாற மாட்டேங்குதுங்க. எனக்கு என்ற பழைய பேச்சே போதுமுங்க.”

டாக்டர் தகட்டை எடுத்தார். “இப்பப் பேசுங்க.”

“என்னத்தைப் பேசறதுங்க?” என்றான். அப்பழுக்கில்லாத கொங்குப் பேச்சு அப்படியே நின்றது. வாயைக் குவித்து முயன்று பார்த்தான். ‘ஒ’ வரவில்லை.

“நான் பயந்தது இதுதான்” என்றார் கோகிலவாணி. “நாக்கு பழகிருச்சு. மத்தவங்களுக்கு வருசக்கணக்குல ஆகிற பழக்கத்தைத் தகடு சில மாசத்துல திணிச்சிருச்சு. சாதாரணமா இதெல்லாம் கூடவே வளரும். நாக்கு தேயறதுக்குள்ள, எங்க பேசணும், எங்க பேசாம எந்திரிச்சுப் போகணும்னு மனுசனும் தேறிருவான். உங்களுக்கு நாக்கு முன்னால போயிருச்சு, ஆளு பின்னால நிக்கறீங்க.”

“என்னைத் திட்டறதுக்கு முந்தி யாரும் ஒரு நிமிசம் யோசிக்கறதே இல்லீங்க இப்ப.”

“கார் ஓட்டக் கத்துக்கறப்ப வண்டியில எல் போர்டு மாட்டுவாங்கல்ல? நீங்க நடுரோட்டுல வண்டிய நிறுத்துனாலும் பின்னால வர்றவன் ஹாரன் அடிக்காம ஒதுங்கிப் போவான். உங்க பழைய பேச்சு உங்களுக்கு அந்த போர்டு. அதை நான் கழட்டி எறிஞ்சுட்டேன். ஓட்டத்தான் சொல்லித் தரல.” டாக்டர் நல்ல பெண்மணி, செய்ததை நினைத்து உண்மையாகவே வருந்தினார்.

“அந்தப் போர்டைத் திரும்ப மாட்ட முடியாதுங்களா?”

கோகிலவாணி யோசித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். முதல் நாள் பதிவு செய்த ஒரு மணி நேரப் பேச்சு இன்னும் அங்கே இருந்தது. ஊராட்சித் தலைவரை அழித்துவிட்டு, தகட்டுக்குக் குலமணியையே மாதிரிக் குரலாக ஏற்றினார். தகட்டை ஒட்டிக்கொண்டதும் நாக்கு தடுமாறிற்று, பிறகு தன் பழைய இடங்களுக்குப் போய் உட்கார்ந்தது.

“வொணொக்கொம்” என்றான் குலமணி. தன் குரலைக் கேட்டுத் தானே அழுதுவிட்டான். தன்னைப் போலவே பேசுவதற்குத் தகடு வாங்கிய முதல் ஆள் அவன்தான். வாசலுக்கு வந்ததும் முதல் காரியமாக அம்மாவுக்குப் போன் போட்டான். இந்த முறை அவள் அவன் பேசி முடிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை, “சாப்பிட்டியாடா?” என்றாள்.

அங்கிருந்து நேராகத் தறிப்பட்டறைக்குப் போனான். சென்னியப்பன் அவனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு தறியை மட்டும் நிறுத்தினார். மற்றவை ஓடிக்கொண்டிருந்தன.

“மொன்னிச்சுக்குங்கொ ஐயா. எனொக்குத் தெரியாது. நொல்லது செய்யறேன்னு நெனொச்சேன்.”

சென்னியப்பன் காதைத் தீட்டிக்கொண்டார். ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். பட்டறை முழுக்க அமைதியானதும், “இன்னொருக்காச் சொல்லுங்க” என்றார்.

குலமணி சொன்னான், டாக்டர் தகட்டில் அவன் பழைய பேச்சை ஏற்றிய கதையையும் சேர்த்து. எருமைக்காகவும் தனியாக மன்னிப்புக் கேட்டான்.

‘எருமொ’ என்று கேட்டதும் சென்னியப்பனின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நூல்கண்டுகள் மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பாவம்யா” என்றார். “நெசமாலுமே உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் உங்களைக் கெடுத்தேன். நல்லா இருந்த வாயைச் சரி பண்ணச் சொல்லி அனுப்பிச்சேன்.”

மூன்று வருஷமாகக் குலமணிக்குப் பிடிக்காத சொல் அது. அன்றைக்குக் கேட்டபோது, யாரோ நாற்காலி எடுத்துப்போட்டு உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “எனக்கு மனசு வந்துருச்சு. ஆனா அண்ணன் இருக்கான். பந்தல்ல அவன் பேசுனது ஊரு பூரா பரவிப்போச்சு. அவன் வந்து முன்னால நிக்காம இந்தக் கல்யாணத்தை யாரும் ஒத்துக்க மாட்டாங்க.”

“நான் போய் கேக்கறேன்.”

“நீங்க கேட்டா ஆகாது. கேக்க வேண்டியது நான்.” துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “நாங்க ரெண்டு பேரும் வாயைத் தொறந்தா அஞ்சாவது வார்த்தையில கெணறு வந்துருது. என்ற பேச்சு அப்பிடியே எங்கய்யன் பேச்சு. அதைக் கேட்டதும் பாகம் பிரிச்சது, ஏமாந்தது எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்துருது. நான் என்ன சொல்றேன்னு அவன் கேக்கறதே இல்ல, எவன் சொல்றான்னுதான் பாக்கறான்.” அந்தப் பட்டறையில் அவர் தாழ்ந்த குரலில் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும். “ஏனுங்க, அந்தத் தகடு... உங்க பேச்சைப் போட்டு, என்ற வாயிக்கு ஒண்ணு செய்வாங்களா?”

ஒரு நல்ல நாள் பார்த்து இருவரும் குழந்தைவேலுவின் வீட்டுக்குப் போனார்கள். குலமணியை வெளியே வண்டியோடு நிறுத்திவிட்டு, சென்னியப்பன் புதுத் தகட்டை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வாசலேறினார். தன் கல்யாணமே அந்த வெங்காயத் தோலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குலமணிக்குத் தெரியும்.

கதவு திறந்தது. குழந்தைவேலு நின்றார். பழக்கப்படி வானத்தைப் பார்த்தார்.

“ஒண்ணா” என்றார் சென்னியப்பன். “நொல்லா இருக்கீங்கொளா?”

குழந்தைவேலு வானத்திலிருந்து இறங்கினார்.

“என்னடா ஆச்சு உனக்கு? பல்லு கட்டிட்டயா?”

“இல்லொண்ணா. கொல்யாணொம் பேசோணும்.”

குழந்தைவேலு உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. உள்ளே வரச்சொல்லிக் கையைத்தான் காட்ட முடிந்தது, வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்ற நிலைமை.

ஜன்னல் இந்த முறை திறந்தே இருந்தது. குலமணி வண்டிமேல் உட்கார்ந்து தன் பேச்சை வேறொருவர் வாயில் கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்பார்த்தபடியே கிணறு வந்தது. “கெணொத்துல பாதி எனொக்குத்தான்” என்று சென்னியப்பன் ஆவேசமாகக் கத்தினார். பதிலுக்குக் கத்தப்போன குழந்தைவேலு பாதியில் உடைந்துபோனார். அந்தப் பேச்சில் யாரோடும் சண்டை போடமுடியாது என்று குலமணிக்குத் தெரியும், மூன்று வருஷ அனுபவம். சிரிப்பு கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், வெளியே வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஒரு மூக்குறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது, அது யாருடையது என்று தெரியவில்லை. அண்ணி காப்பி டம்ளர்களோடு குறுக்கே போனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். அண்ணன் வாசற்படியில் நின்றார். தம்பி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“போயிட்டு வர்றேனுங்கண்ணா” என்றார்.

குலமணி நிமிர்ந்து பார்த்தான். அதில் ஒரு ‘ஒ’கூட இல்லை. சுத்தமான கரட்டுப்புதூர்ப் பேச்சு, தறிச் சத்தத்தில் பழகிய குரல், அவர்கள் அப்பனுடைய பேச்சு.

குழந்தைவேலு வானத்தைப் பார்க்காமல் தம்பியின் முகத்தைப் பார்த்தார். “சரி, போயிட்டு வா” என்றார். பிறகு குலமணி பக்கம் கையை நீட்டி, “அந்தாளு மட்டும் ஒண்ணும் சொல்லாமப் போகட்டும்” என்றார்.

குலமணி வாயை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

சந்து திரும்பியதும் சென்னியப்பன் வண்டியை நிறுத்தச் சொன்னார். மூடியிருந்த கையை விரித்தார். உள்ளங்கையில் தகடு வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காப்பி குடிக்கும்போதே கழற்றிவிட்டாராம். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் சொந்த வாயால் பேசியதுதான்.

“இந்தாங்க, உங்க பேச்சு” என்று அதை அவன் சட்டைப்பையில் போட்டார். “பத்தரமா வச்சுக்குங்க மாப்ள.”